பாறைக்கும் சீக்கு வருமா?



போன மாதக் கூட்டத்தில் சேமிப்புப் பணத்தை எண்ணி வைத்து, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு சகோதரி கேட்டாங்க: "அக்கா, டி.வி.யில ராமேஸ்வரம் பக்கம் கடலுக்குள்ள பவளப்பாறைக்கு நோய் வந்து சாகுதுன்னு காட்டினாங்க. பாறைக்கு எப்படிக்கா நோய் வரும்? கல்லுக்கு ஜுரம் அடிக்குமா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். பக்கத்தில் இருந்த இன்னொருத்தர், "பவளம்னா நம்ம பவளவண்ணர் கோயில் பவளந்தானே?" என்றார். சிரிப்பு அடங்கிய பிறகு யோசித்துப் பார்த்தால், ரெண்டுமே நல்ல கேள்விகள். கேள்வி கேட்ட சகோதரிக்குக் கைதட்டிவிட்டு, இந்த இதழில் அதற்குப் பதில் சொல்கிறோம். கடலே இல்லாத காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் கதை எதற்கு என்று நினைக்காதீங்க. கடைசி வரை படித்தால், இது நம்ம வீட்டுக் கதையும்தான் என்று தெரியும்.

கல்லா? உயிரா?

நம்ம ஊர் பவளவண்ணப் பெருமாள் பெயரில் இருக்கும் பவளம், மாலையிலும் மோதிரத்திலும் வைக்கிற சிவப்புப் பவளம். அது பெரும்பாலும் மத்தியதரைக் கடல் போன்ற தூரதேசக் கடல்களின் ஆழத்திலிருந்து வருவது. பவளப்பாறை என்பது அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். நம்ம தமிழ்நாட்டுக் கடலிலேயே, ஆழம் குறைந்த, வெயில் உள்ளே இறங்குகிற இடங்களில் வளர்கிறது.

பார்ப்பதற்குக் கல் மாதிரி இருக்கும். சில மான்கொம்பு போலக் கிளை கிளையாக இருக்கும். சில பெரிய உருண்டைக் கல் போல இருக்கும். ஆனால் அதன் மேல்தோல் முழுக்க ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பூ மாதிரி, வாயைச் சுற்றி மெல்லிய விரல்களோடு இருக்கும். இதற்குப் பாலிப் என்று பெயர். இந்தப் பாலிப்புகள் கடல்நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்குக் கீழே வீடு கட்டிக்கொண்டே போகும். நாம் பார்க்கிற "பாறை" அது கட்டிய வீடு. வீடு கல், குடியிருப்பது உயிர். அதனால்தான் பாறைக்கும் சீக்கு வருகிறது.

அந்த உயிருக்குள்ளே இன்னொரு உயிர் குடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி அது. செடி போல வெயிலை வாங்கிச் சமைத்து, பவளத்துக்குத் தேவையான சாப்பாட்டில் பெரும்பங்கைக் கொடுக்கிறது. பதிலுக்குப் பவளம் அதற்கு இருக்க இடம் கொடுக்கிறது. பவளத்துக்கு நிறம் கொடுப்பதும் பெரும்பாலும் இந்தப் பாசிதான். தறியில் பாவும் ஊடையும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அறுந்தால் மற்றது நிற்காது.

அதோடு, பவளத்தின் மேலே வழவழப்பான ஒரு படலம் இருக்கும், நம்ம மூக்குச் சளி போல. அதில் நல்ல நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. கெட்ட கிருமி உள்ளே நுழையாமல் காவல் காப்பது இவைதான்.

உலகக் கடல்களின் தரையில் பவளப்பாறைகள் இருக்கிற இடம் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் கடல் மீன் வகைகளில் சுமார் கால்பங்கு, தன் வாழ்நாளில் ஒரு காலத்திலாவது இந்தப் பாறைகளை நம்பித்தான் வாழ்கிறது. மீன் முட்டை போடவும் குஞ்சு ஒளிந்து வளரவும் இதுதான் வீடு. கரையை நோக்கி வருகிற அலையின் வேகத்தைக் குறைப்பதும் இதுதான்.

நம்ம கடலில் எங்கே இருக்கிறது?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருக்கும் கடலுக்கு மன்னார் வளைகுடா என்று பெயர். கரையை ஒட்டி வரிசையாக 21 தீவுகள். அவற்றைச் சுற்றித்தான் பவளப்பாறைகள். 1986-ல் அரசு இந்த இடத்தைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 100-க்கும் மேற்பட்ட பவள வகைகள் இங்கே இருப்பதைத் தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கடலில் மூழ்கிப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இந்தப் பவளத்தை வெட்டி எடுத்து, சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைகளுக்கும் வண்டி வண்டியாக அனுப்பினார்கள். விளைவு? பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 21 தீவு என்று கணக்குச் சொன்னாலும் இன்று தண்ணீருக்கு மேலே அந்த இரண்டும் இல்லை. 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி யானைக்குக் கொடுக்கிற அதே முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். 2005 வாக்கில் வெட்டுவது நின்றது.

நோய் வந்தால் எப்படி இருக்கும்?

பவளத்துக்கு வரும் நோய்கள் பல. பொதுவாகச் சொல்லப்படுகிற சிலவற்றைப் பார்ப்போம்.

கரும்பட்டை நோய்: பவளத்தின் மேல் கறுப்பு நாடா கட்டினது போல ஒரு பட்டை தோன்றும். அது நாளுக்குச் சில மில்லிமீட்டர் நகரும். அது போன வழியெல்லாம் சதை அழிந்து வெறும் வெள்ளை எலும்பு மிஞ்சும். உருண்டைப் பவளம் வருடத்துக்கு வளர்வதே ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான். அப்படியென்றால் இந்தப் பட்டையின் வேகத்தை யோசித்துப் பாருங்கள்.

வெண்நோய்கள்: உயிருள்ள சதை உரிந்துகொண்டே போய், பளிச்சென்று வெள்ளை எலும்பு தெரியும். இதில் பல வகை உண்டு.

இளஞ்சிவப்புத் தழும்பு: புண்பட்ட இடத்தைச் சுற்றி ரோஸ் நிறக் கோடு விழும். லட்சத்தீவின் கவரத்தியில் 2000-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பதிவு செய்தார்கள்.

நம்ம மண்டபம் பக்கத்துத் தீவுகளிலும், அந்தப் பக்கம் பாக் நீரிணையிலும் கரும்பட்டை நோயும் வெண்நோய்களும் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது.

கிருமி மட்டும் போதாது

இங்கேதான் முக்கியமான விஷயம். நோய்க்குக் காரணம் கிருமி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் கிருமி கடலில் எப்பவும் இருக்கிறது. நேற்றும் இருந்தது, நூறு வருடம் முன்னாலும் இருந்தது. அப்படியானால் இப்போது மட்டும் ஏன் இவ்வளவு நோய்?

இதைப் புரிந்துகொள்ள நாம் கடலுக்குப் போக வேண்டாம், பட்டுப்புழுவிடம் போவோம். நம்ம தறியில் ஓடுகிற பட்டு நூல் ஒரு புழுவின் கூட்டிலிருந்து வருவது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் புழு வளர்க்கிற பெண்களைக் கேட்டால் சொல்லுவாங்க. வளர்ப்பு மனையில் சூடு சுமார் 25 டிகிரி இருக்கணும், காற்றோட்டம் இருக்கணும், தட்டு காய்ந்து சுத்தமாக இருக்கணும். குளிரும் மழையுமாக, ஈரம் அதிகமான நாட்களில் புழு செத்து வெள்ளையாகி, சுண்ணாம்புத் துண்டு போல விறைத்துவிடும். அதனால்தான் ஈரத்தை உறிஞ்ச அவர்கள் சுண்ணாம்புத்தூள் தூவுகிறார்கள். பூஞ்சையின் விதை எங்கேயும் இருக்கும். ஈரம் கூடினால் அதற்குக் கொண்டாட்டம்.

நம்ம வீட்டுக் குழந்தையும் அப்படித்தான். சத்தோடு இருக்கிற குழந்தைக்குக் கெட்ட தண்ணீரால் வயிற்றுப்போக்கு வந்தாலும் சீக்கிரம் தேறிவிடும். சத்துக் குறைந்த குழந்தை அதே வயிற்றுப்போக்கில் படுத்துவிடும்.

ஆக, நோய் வர மூன்று சேரணும். ஒன்று, கிருமி. இரண்டு, தெம்பு குறைந்த உடம்பு. மூன்று, கெட்டுப்போன சுற்றுப்புறம். இந்த மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் ஆட்டி வைக்கிறது. சுற்றுப்புறம் கெட்டால் கிருமிக்குப் பலம் கூடுகிறது, உடம்புக்குப் பலம் குறைகிறது. பவளத்தின் சுற்றுப்புறத்தைக் கெடுப்பவை எவை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சூடு

மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கடல் சூடாகும். தண்ணீர் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய் வாரக்கணக்கில் அப்படியே நின்றால், பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசிக்குத் தாங்காது. பவளம் அதை வெளியே துப்பிவிடும். நிறம் போய் வெள்ளையாகிவிடும். இதைத்தான் வெளுத்தல் என்கிறார்கள். வெளுத்த பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. சீக்கிரம் கடல் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளமும் பிழைக்கும். சூடு நீடித்தால் செத்துவிடும்.

வெளுத்தல் வேறு, தொற்று நோய் வேறு. ஆனால் ஒன்று மற்றதற்குக் கதவு திறந்து விடுகிறது. பட்ட காலிலே படும் என்பார்களே, அது போல. பட்டினி கிடக்கிற பவளத்தின் காவல் படலம் மாறிப்போகிறது. நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து, விப்ரியோ என்ற கிருமிக் கூட்டம் பெருகுகிறது. காலராவை உண்டாக்கும் கிருமியும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். குளிர்ந்த தண்ணீரில் சாதுவாகக் கிடக்கிற ஒரு விப்ரியோ, சூடு ஏறியதும் பவளத்தைத் தாக்கத் தொடங்குவதைப் பரிசோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் பெரும் பவளத்திட்டு என்ற இடத்தில், 1,500 கிலோமீட்டர் நீளத்துக்கு 48 பாறைத்திட்டுகளை 6 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 2007-ல் வந்த முடிவு இது: கடல் வழக்கத்தைவிடச் சூடான வருடத்துக்கு அடுத்து வெண்நோய் கூடியது. அதுவும் பவளம் நெருக்கமாக இருந்த இடங்களில் அதிகம். வீடுகள் நெருக்கமாக இருக்கிற தெருவில் அம்மை சீக்கிரம் பரவுமே, அந்தக் கதைதான்.

நம்ம கடலிலும் சூடு கொடுத்த அடி பெரிது. 2009-ல் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளம் மூடியிருந்த பரப்பு சுமார் 43 சதவீதம். 2010 கோடைக்குப் பிறகு அது சுமார் 33 சதவீதமாகக் குறைந்தது. பிறகு கொஞ்சம் தேறி வந்தது. 2016-ல் மறுபடி கடும் சூடு. அந்த வருடம் சுமார் 23 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. 2024 ஏப்ரலில், உலகம் முழுக்கப் பவளம் வெளுக்கும் நிகழ்வு நான்காவது முறையாக நடக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

2. அழுக்குத் தண்ணீர்

கோயில் குளத்தில் எச்சிலையும் பூஜைக் கழிவும் சோப்புத் தண்ணீரும் சேரச் சேர என்ன ஆகிறது? தண்ணீர் பச்சையாகிறது, நாற்றம் வருகிறது, ஒரு நாள் காலையில் மீன் செத்து மிதக்கிறது. கழிவில் இருக்கிற உரச்சத்து பாசியை வளர்க்கிறது. அளவுக்கு மீறி வளர்ந்த பாசி தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவை இழுத்துவிடுகிறது. கடலிலும் இதே கணக்குத்தான்.

2019 செப்டம்பர், அக்டோபரில் பாம்பன், மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறியது. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லுகிற மிதக்கும் நுண்ணுயிர் அளவில்லாமல் பெருகியது. பிராணவாயு குறைந்து மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. குருசடைத் தீவு, சிங்கிள் தீவுப் பக்கம் பவளங்களும் மூச்சுத் திணறிச் செத்தன.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பரிசோதனை. பவளங்கள் இருக்கும் சில இடங்களில் மட்டும் 3 வருடம் உரச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசிய விட்டார்கள். அந்த இடங்களில் நோய் இரண்டு மடங்கானது. ஒரு வகைப் பவளம் வெளுப்பது 3 மடங்குக்கும் மேலே கூடியது. உரத்தை நிறுத்தினார்கள். 10 மாதம் கழித்துப் பார்த்தால், அந்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் வித்தியாசமே இல்லை! இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அதே ஃபுளோரிடாவில் மான்கொம்புப் பவளத்தை வெள்ளைக் கொப்புளம் போன்ற ஒரு நோய் தாக்குவதை 1996-ல் கண்டார்கள். எந்தக் கிருமி என்று தேடினார்கள். மனிதர்களின் கக்கூஸ் கழிவில் இருக்கும் கிருமிதான் என்று 2011-ல் உறுதியானது. நமக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். நம்ம கழிவால் பவளத்துக்கு வந்தால் அது எங்கே ஓடும்?

3. சேறும் மண்ணும்

பவளம் வெயிலை நம்பி வாழ்வது. தண்ணீர் கலங்கிக்கொண்டே இருந்தால் வெயில் இறங்காது, பாசி சமைக்க முடியாது. மேலே படிகிற மண்ணைத் தள்ளிக்கொண்டே இருக்கணும். அதிலேயே அதன் தெம்பு தீர்ந்துபோகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் கப்பல் பாதைக்காகக் கடலைத் தூர்வாரிய இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பவளங்களில், நோய் இரண்டு மடங்காக இருந்தது என்று 2014-ல் தெரிய வந்தது. மரம் வெட்டிய மலை, கரை அரித்த ஆறு, தூர்வாரிய துறைமுகம் எல்லாமே கடலுக்குச் சேறுதான் அனுப்புகின்றன.

4. பிளாஸ்டிக்

இது நேரடியாக நம்ம கையில் இருப்பது. இந்தோனேசியா, தாய்லாந்து, மியான்மர், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 159 பாறைத்திட்டுகளில் 1,24,000 பவளங்களைப் பார்த்து, 2018-ல் முடிவைச் சொன்னார்கள். பிளாஸ்டிக் படாத பவளத்தில் நோய்க்கான வாய்ப்பு 4 சதவீதம். பிளாஸ்டிக் சுற்றிய பவளத்தில் 89 சதவீதம்!

ஏன் இப்படி? பிளாஸ்டிக் பை பவளத்தைக் கீறிப் புண்ணாக்குகிறது. வெயிலையும் காற்றையும் மறைக்கிறது. அழுக்குக் கிருமியைத் தூக்கிக்கொண்டு வந்து புண்ணிலேயே வைக்கிறது. புண்ணில் அழுக்குத் துணியைக் கட்டினால் சீழ் பிடிக்காதா? அது போல. மன்னார் வளைகுடாவில் அறுந்துபோன மீன்வலைகளும் பவளத்தின் மேல் சிக்கிக் கிடந்து இதே வேலையைச் செய்கின்றன.

நம்மைப் போன்ற பெண்கள் அங்கே

இதுவரை சொன்னது பவளத்தின் கஷ்டம். அந்தக் கடலை நம்பி இருக்கிற பெண்களின் கஷ்டத்தையும் சொல்லணும்.

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் பல தலைமுறையாகப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் சொல்லுகிற வகைகள் அகர் அகர் போன்றவை செய்யப் போகின்றன. துணியில் அச்சுப் போடும் சாயத்தைக் கெட்டிப்படுத்தும் பொருளும் கடற்பாசியிலிருந்து வருவதுதான். கண்ணில் கண்ணாடி, விரலில் துணிச்சுற்று, காலில் தகட்டுத் துண்டு, இடுப்பில் வலைப்பை. இவ்வளவுதான் அவர்கள் கருவி. தேசியப் பூங்கா வந்த பிறகு தீவுகளுக்குப் போவதில் வனத்துறையோடு நெடுநாள் இழுபறி. பவளத்தைக் காப்பாற்றணும் என்பது சரி. ஆனால் அடுப்பு எரியணுமே?

அந்தப் பெண்கள் தாங்களே கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியை விட்டுக் கையால் பறிப்பது என்று. பாசி மறுபடி முளைக்க இடைவெளி கிடைத்தது. பாறையும் புண்படுவது குறைந்தது. இந்த முயற்சியில் முன்னின்ற பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி அவர்களுக்கு 2015-ல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கொடுத்தார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. 2000-களில் அங்கே பல சுய உதவிக் குழுக்கள் வங்கிக் கடன் வாங்கி, மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை வளர்த்தார்கள். வீட்டுக்கு நல்ல வருமானம் வந்தது. ஆனால் அந்தப் பாசி மிதவையிலிருந்து உடைந்து போய், குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் போர்வை போலப் படர்ந்தது 2008-ல் பதிவானது. போர்வைக்கு அடியில் வெயிலும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. பவளம் செத்தது. எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்று 2005-லேயே தமிழக அரசு கட்டுப்பாடு போட்டிருந்தது.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. கடன் வாங்கி உழைத்தவர்கள் அவர்கள். ஆனால் பாடம் இருக்கிறது. ஒரு தொழிலைத் தொடங்கும்போது எவ்வளவு லாபம் என்று மட்டும் கேட்காமல், பக்கத்தில் இருக்கிற மண்ணுக்கும் தண்ணிக்கும் என்ன ஆகும் என்று முதல் கூட்டத்திலேயே கேட்கணும். பவளம் போனால் மீன் போகும், மீன் போனால் அதே குழுவில் இருக்கிற மீனவக் குடும்பத்தின் சேமிப்பும் போகும்.

நல்ல செய்தியும் உண்டு

சகோதரிகளே, பயமுறுத்த இதை எழுதவில்லை. பவளம் வெட்டுவது நின்ற 2005-ல் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 37 சதவீதம். நான்கே வருடத்தில் அது 43 சதவீதத்தை எட்டியது. மனிதன் கையை எடுத்தால் கடல் தானாகத் தேறும் என்பதற்கு இது சாட்சி.

ஃபுளோரிடாவில் உரத்தை நிறுத்திய 10 மாதத்தில் நோய் இறங்கியதைப் பார்த்தோம். இந்தோனேசியாவில் கடற்புல் நன்றாக வளர்ந்திருக்கிற இடங்களில் தண்ணீரில் கெட்ட கிருமி பாதியாகவும், பக்கத்துப் பவளத்தில் நோய் பாதியாகவும் இருந்ததை 2017-ல் வெளியிட்டார்கள். கடற்புல் தண்ணீரை வடிகட்டிக் கொடுக்கிறது. நம்ம பாக் நீரிணையிலும் கடற்புல் வெளிகள் இருக்கின்றன. கடல் பசுவும் அதைத் தின்றுதான் வாழ்கிறது. கடல் பசுவுக்காக 2022-ல் தமிழக அரசு அங்கே ஒரு காப்பகத்தையே அறிவித்தது.

காஞ்சிபுரத்தில் இருக்கும் நமக்கென்ன?

உண்மையைச் சொல்லிவிடுவோம். நம்ம வேகவதியும் பாலாறும் மன்னார் வளைகுடாவுக்குப் போவதில்லை. பாலாறு கல்பாக்கம் பக்கம் வங்கக் கடலில் சேருகிறது. அங்கே பவளத்தீவு இல்லை. நாம் ஒரு பையைக் குறைத்தால் குருசடைத் தீவில் ஒரு பவளம் பிழைக்கும் என்று சொன்னால் அது பொய். கடல் சூடாவதையும் நம்ம ஒரு ஊர் நிறுத்த முடியாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கிற உலகம் முழுக்கச் சேர்ந்து குறைக்க வேண்டியது அது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீங்களா? அழுக்குத் தண்ணீரில் இருந்த பவளம் அதிகமாக வெளுத்தது, சுத்தமான தண்ணீரில் இருந்தது குறைவாக வெளுத்தது. சூடு நம்ம கையில் இல்லை. அழுக்கு நம்ம கையில் இருக்கிறது. அழுக்கைக் குறைத்தால் சூட்டைத் தாங்கும் தெம்பு கூடும். இது பவளத்துக்கு மட்டும் இல்லை. நம்ம ஏரிக்கும் குளத்துக்கும் கிணற்றுக்கும் நம்ம பிள்ளைகளுக்கும் இதே நியாயம்தான்.

குழுவாக நாம் செய்யக்கூடியவை:

• ஓடையிலும் ஏரியிலும் குப்பை கொட்டும் இடம் எது என்று குழு உறுப்பினர்கள் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்வது. கிராம சபையில் அதை எழுத்து மூலமாகக் கொடுப்பது.

• கடைக்குத் துணிப்பை எடுத்துப் போவது. தையல் தெரிந்த உறுப்பினர்கள் பழைய புடவையில் பை தைத்து விற்றால் அதுவும் ஒரு வருமானம்.

• வீட்டுக் கழிவுநீரை ஓடையில் விடாமல் உறிஞ்சு குழி போட்டு, வாழைக்கோ கருவேப்பிலைக்கோ விடுவது.

• பட்டு நூலுக்குச் சாயம் போடும் வீடுகளும் பட்டறைகளும் சாயத் தண்ணீரை அப்படியே கால்வாயில் விடாமல், சேர்ந்து சுத்திகரிக்க வழி கேட்பது. தனியாகக் கேட்டால் காது கேட்காது. கூட்டமைப்பாகக் கேட்டால் கேட்கும்.

• நெல்லுக்கு யூரியாவை மண் பரிசோதனை செய்து அளவாகப் போடுவது. மிச்சம் போடுகிற உரம் ஏரியில் பாசியாகத்தான் திரும்பி வரும். காசும் வீண்.

• ராமேஸ்வரம் யாத்திரை போகிற வீட்டுக்காரங்களுக்குச் சொல்லி அனுப்புவது: பாலித்தீன் பையைக் கடலில் போடக்கூடாது, பவளக் கல்லை வாங்கக்கூடாது. பவளத்தை எடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும் என்பது நமக்குத் தெரியாததா? கருடசேவை நாளில் ஊரே நிற்கிற காஞ்சியில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம்ம ஊர் ஏரியோ குளமோ உங்கள் சின்ன வயதில் எப்படி இருந்தது? இப்போது எப்படி இருக்கிறது? நடுவில் அதில் என்னென்ன சேர்ந்தது?

2. உங்கள் வீட்டில் ஒருவருக்கு அடிக்கடி சீக்கு வந்தால், மருந்து தவிர வீட்டைச் சுற்றி எதைப் பார்ப்பீர்கள்?

3. நம்ம குழு புதிதாகத் தொடங்க நினைக்கிற தொழிலால் தண்ணீருக்கு என்ன ஆகும்? யாராவது கேட்டீர்களா?

கேள்வி கேட்ட சகோதரிக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். பாறைக்கும் சீக்கு வரும் அம்மா, ஏனென்றால் அது பாறை இல்லை, உயிர். கல்லுக்கு ஜுரம் அடிக்காது. ஆனால் அதைச் சுற்றி இருக்கிற கடலுக்கு ஜுரம் அடிக்கிறது. பவளத்தின் சீக்குக்கு நம்மிடம் மருந்து இல்லை. சுற்றி இருக்கிற தண்ணீரைச் சுத்தமாக வைத்தால், அது தானாகவே தேறி எழும் தெம்பு அதற்கு உண்டு.

உங்கள் ஊர் நீர்நிலையைக் குழுவாக நடந்து பார்த்தவர்கள், பார்த்ததை எழுதி உங்கள் பிரதிநிதியிடம் கொடுங்கள். அடுத்த இதழில் உங்கள் குழுவின் பெயரோடு வெளியிடுகிறோம்.